பழைய நாணயங்களும் நாமே வடிவமைத்த டி-ஷர்ட்டுகளும் விற்கும் சிறிய இணையக் கடையைத் தொடங்குவது எப்படி?

கோவையில் எங்கள் வீட்டு முன்னறையிலிருந்து இத்தகைய கடை ஒன்றைச் சில ஆண்டுகளாக நடத்திவருகிறேன். நாணயங்களும் தபால்தலைகளும் ஒரு பக்கம், பழைய காசுகளின் சின்னங்களை வைத்து நானே வரைந்த டி-ஷர்ட்டுகள் மறுபக்கம். இரண்டையும் ஒரே வியாபாரம் என்று எண்ணித் தொடங்கியதுதான் என் முதல் பிழை. நாணயம் பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும், விற்றால் தீர்ந்தது. டி-ஷர்ட்டோ ஒரு வடிவத்துக்கே பல அளவும் பல நிறமும் கேட்கும். ஆகவே பணம் முடங்குவது துணியில்தான்.

ஐந்து வடிவம், மூன்று நிறம், ஐந்து அளவு என்று வைத்துக்கொண்டால் 75 வகை. வகைக்கு நான்கு அச்சடித்தாலே 300 சட்டை. சட்டத்தில் கட்டிய வலை வழியே மையைத் தள்ளி அச்சிடும் ஸ்கிரீன் பிரிண்டிங்கில் படத்தின் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன் செய்ய வேண்டியிருப்பதால் குறைந்த எண்ணிக்கை கட்டுப்படியாகாது என்று எண்ணி, நானும் அப்படித்தான் அடித்துக் குவித்தேன். ஓராண்டு கழித்து அலமாரியில் மிஞ்சியவை பெரும்பாலும் ஸ்மால் அளவும் மஞ்சள் நிறமும்தான். இப்போது திருப்பூரிலிருந்து 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம் எடையுள்ள) பருத்தியில் வெறும் டி-ஷர்ட்டுகளைக் கறுப்பிலும் வெள்ளையிலும் மட்டும் வாங்கி வைக்கிறேன். வடிவங்களை டிடிஎஃப் பிலிமில் (படத்தை அச்சிட்டு, பின்புறம் பசைத்தூள் தூவிச் சூட்டில் உருக்கிய பிலிம்) மீட்டர் கணக்கில் அச்சிட்டு வாங்கி, ஆர்டர் வந்த பிறகே ஹீட் பிரஸ் என்னும் சூட்டு அழுத்தியில் வைத்துச் சட்டையில் ஒட்டுகிறேன். இம்முறையில் பெரிய அடைத்த படம் நெஞ்சில் பிளாஸ்டிக் ஒட்டியதுபோல் வியர்க்கும் என்பதால், இடைவெளி விட்ட கோட்டுச் சித்திரங்களாகவே வரைகிறேன். எந்த அச்சகத்தின் பிலிமாயினும் பத்துமுறை துவைத்துப் பார்த்த பிறகே விற்பனைக்கு வையுங்கள். பசைத்தூள் சரியாக வேகாத பிலிமை ஓர் அச்சகம் கொடுத்து, மூன்றாம் துவைப்பில் படம் வெடித்து, நாற்பது பேருக்குப் பணத்தைத் திருப்பித் தந்தவன் நான்.

எதை அச்சிடுவது என்பதிலும் எச்சரிக்கை வேண்டும். நடிகர் படம் போட்டால் விற்கும் என்று பலரும் சொல்வார்கள். ரஜினிகாந்த் தம் பெயரையும் தோற்றத்தையும் அனுமதியின்றிப் பயன்படுத்துவதற்கு எதிராக 2015-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடையாணை பெற்றவர். 2023 ஜனவரியில் அவர் தரப்பில் பொது அறிவிப்பும் வெளியானது. ஜப்பானிய அனிமே கதாபாத்திரங்களுக்கும் உரிமையாளர்கள் உண்டு. பாண்டியரின் மீனுக்கும் சோழரின் புலிக்கும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் படத்தை இணையத்திலிருந்து எடுக்காமல் நீங்களே வரையுங்கள்.

நாணயப் பக்கத்தில் பெரும்பாலோர் அறியாத சட்டம் ஒன்று உண்டு. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த நாணயமும் தொல்பொருளே. அதை வியாபாரமாக விற்க உரிமம் வேண்டும், வெளிநாட்டுக்குத் தனியார் அனுப்பவே கூடாது. அதனால்தான் சோழர் காசை என் சட்டையில் பார்க்கலாம், கடையில் பார்க்க முடியாது. இன்னும் நூறாண்டு ஆகாத ஆறாம் ஜார்ஜ் காலத்து நாணயங்கள், சுதந்திர இந்தியாவின் காசுகள், நினைவு நாணயங்கள், சென்னை அண்ணா சாலைத் தலைமை அஞ்சலகத்தின் தபால்தலைப் பிரிவு போன்ற இடங்களில் கிடைக்கும் புதிய தபால்தலைகள் ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டேன். 2016-இல் செல்லாதெனப்பட்ட 500, 1000 ரூபாய்த் தாள்களைச் சரக்காகச் சேர்க்க நினைக்காதீர்கள். 2017-இல் வந்த சட்டப்படி ஒருவர் பத்துத் தாள்களுக்கு மேலும், ஆய்வுக்கோ நாணயவியலுக்கோ என்றால் 25 தாள்களுக்கு மேலும் வைத்திருப்பது குற்றம்.

1939-ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய் அரிதானது என்பதால் போலிகளும் மிகுதி. எனவே ஒவ்வொரு நாணயத்தையும் இருபுறமும் விளிம்பும் தெரியப் படமெடுத்து, எடையையும் குறிப்பிடுகிறேன். செப்புக் காசைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொண்டுவருபவர்களைக் கண்டால் எனக்கு அழுகையே வரும். காலத்தால் படிந்த அந்த நிறம் போனால் சேகரிப்பாளர் தரும் விலையும் போய்விடும்.

டி-ஷர்ட்டுக்கு மீடியம், லார்ஜ் என்று மட்டும் எழுதாமல், தரையில் விரித்து அளந்த மார்பகலத்தை அங்குலத்தில் போடுங்கள். திரும்பி வரும் பொதிகள் எனக்கு அதனால்தான் குறைந்தன. சொந்தத் தளத்தில் விற்றாலும் வேறு மாநிலத்துக்கு அனுப்புவதாயின் விற்பனை எவ்வளவு சிறியதானாலும் ஜிஎஸ்டி பதிவு தேவைப்படும். 2025 செப்டம்பர் 22 முதல் 2500 ரூபாய் வரையிலான ஆடைக்கு வரி 5 சதவீதம். பொருள் வந்தபின் பணம் தரும் வசதியை டி-ஷர்ட்டுக்குக்கூடத் தாராளமாகத் தருவதில்லை, நாணயத்துக்கு அறவே தருவதில்லை. நாணயம் திரும்பி வந்தால் நான் அனுப்பிய அதே காசுதானா என்று பார்க்க, அனுப்பும் முன் எடுத்த படத்தையும் எடையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே பொதியைப் பிரிக்கிறேன்.