மாடி அறையில் இருந்த லெஃப்ட் பேக்

போன இதழில் ஒரு பதிலுக்கு நடுவே, "எங்கள் வீட்டு மாடி அறையில் இரண்டு சீசன் ஒரு கால்பந்து வீரன் தங்கியிருந்தான்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு அத்தனை கடிதங்கள். விசா, வரி, பனிக்காலக் கேள்விகள் எல்லாம் அடுத்த இதழுக்குப் போகட்டும். இந்த முறை பந்து மட்டும்.

கேள்வி: அமெரிக்காவில் விளையாட்டு வீரர் என்றால் பங்களா, கார் என்றல்லவா நினைத்தோம்? அவர் ஏன் உங்கள் வீட்டில் வந்து தங்கினார், அம்மா? — ஒரு வாசகி, நெய்வேலி

வேறு இடம் எடுக்கப் பணம் இல்லை, அதனால்தான். சின்ன லீக் கிளப்புகள் ஊரில் உள்ள குடும்பங்களிடம், "உங்கள் வீட்டில் ஓர் அறை காலியா? எங்கள் வீரர் ஒருவரைச் சீசன் முடியும்வரை வைத்துக்கொள்வீர்களா?" என்று கேட்பது இங்கே சகஜம். எங்கள் மகள் கல்லூரிக்குப் போய் அறை சும்மா கிடந்தது. சரி என்றோம். 2016 மார்ச்சில் இரண்டு பைகளோடு வந்து நின்றான். 22 வயது, லெஃப்ட் பேக், அதாவது இடது ஓரத்தில் நின்று எதிரணியைத் தடுப்பவன். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். பையன் என்றே சொல்கிறேன்.

எட்டு மாத ஒப்பந்தம். மாதம் 1,500 டாலர். நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஒரு காசு கிடையாது. அதற்கு முந்தைய வருடம், 2015-ல், மேல் லீக்கான எம்.எல்.எஸ்.ஸில் (மேஜர் லீக் சாக்கர்) சீனியர் வீரருக்குக் குறைந்தபட்சச் சம்பளமே வருடம் 60,000 டாலர். அதே லீக்கில் பிரேசிலின் கக்காவுக்கு 70 லட்சம் டாலருக்கு மேல். இவர்கள் எல்லாருக்கும் வருமான வரிப் படிவத்தில் ஒரே தொழில்தான்.

செவ்வாய், வியாழன் மாலைகளில் பையன் பக்கத்துப் பூங்காவில் சின்னப் பிள்ளைகளுக்குத் தனிப்பயிற்சி கொடுப்பான். மணிக்கு 40 டாலர். என் கணவர் கணக்குப் பிள்ளை. ஒரு கடித உறையின் பின்பக்கத்தில் கூட்டிக் கழித்து, "பந்து ஆடுவதைவிட ஆடச் சொல்லிக்கொடுப்பதில் உனக்கு மணிக்கு நாலு மடங்கு வருகிறது" என்று காட்டினார். பையன் சிரித்தான். அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கேள்வி: லோயர் லீக் என்றால் என்ன? நன்றாக ஆடினால் அணி மேல் லீக்குக்குப் போகுமா, இங்கிலாந்தில் நடப்பது போல? — கல்லூரி மாணவர், திருச்சி

எம்.எல்.எஸ்.ஸுக்குக் கீழே உள்ளதெல்லாம் லோயர் லீக். ஆனால் ஜெயித்தாலும் மேலே போகாது, தம்பி. அதுதான் இங்கே பெரிய வித்தியாசம். இங்கிலாந்தில் ஜெயித்தால் மேலே, தோற்றால் கீழே. இங்கே எந்த லீக் எந்த டிவிஷன் என்று அமெரிக்கக் கால்பந்து சம்மேளனம் முத்திரை குத்தும். மைதானத்தில் எத்தனை இருக்கை, முதலாளிக்கு எவ்வளவு சொத்து என்பதெல்லாம் அதில் சேரும். மேல் லீக்கில் நுழைய முதலாளி பணம் கட்ட வேண்டும். கோப்பையை ஜெயித்தாலும் அடுத்த வருடம் அதே லீக்தான்.

இதில் ஒரு வேடிக்கை சொல்கிறேன். 2016-ல் பையன் ஆடிய யு.எஸ்.எல். என்ற லீக் மூன்றாம் டிவிஷன். 2017 ஜனவரியில் சம்மேளனம் கூடி அதைத் தற்காலிகமாக இரண்டாம் டிவிஷன் ஆக்கியது. ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால் ஆள் பதவி உயர்ந்திருக்கிறான். அதே புல், அதே பஸ், அதே 1,500. "கேக் வாங்கட்டுமா?" என்று கேட்டேன். "வாங்குங்கள், சின்னதாக" என்றான்.

இப்போது யு.எஸ்.எல். சாம்பியன்ஷிப் இரண்டாம் டிவிஷன். 2019-ல் தொடங்கிய யு.எஸ்.எல். லீக் ஒன், 2022-ல் தொடங்கிய எம்.எல்.எஸ். நெக்ஸ்ட் புரோ இரண்டும் மூன்றாவது. தங்கள் லீக்குகளுக்குள் ஏற்ற இறக்கம் கொண்டுவர யு.எஸ்.எல். முதலாளிகள் 2025 மார்ச்சில் வாக்களித்திருக்கிறார்கள். நடந்தால் பையனைவிட நான்தான் அதிகம் சந்தோஷப்படுவேன்.

கேள்வி: சாக்கர், ஃபுட்பால். எது சரி? — வாசகர், காரைக்குடி

இரண்டும். சாக்கர் என்பது அமெரிக்கர்கள் செய்த குற்றம் என்று இங்கிலாந்துக்காரர்கள் கேலி செய்வார்கள். அந்தச் சொல்லைப் பெற்றவர்களே அவர்கள்தான். 'அசோசியேஷன் ஃபுட்பால்' என்பதன் நடுவிலிருந்து பிய்த்து எடுத்தது.

கேள்வி: இந்த நிலைக்கு வரவே எப்படித் தேர்வாகிறார்கள்? — உடற்கல்வி ஆசிரியர், திண்டுக்கல்

பெரும்பாலும் கல்லூரி வழியாகத்தான். ஆனால் கல்லூரி உதவித்தொகை முழுசாகக் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள், சார். முதல் நிலைக் கல்லூரி ஆண்கள் அணிக்குப் பல வருடங்களாக இருந்த உச்சவரம்பு மொத்தம் 9.9 முழு உதவித்தொகை. அணியில் இருபத்தைந்து பேருக்கு மேல் இருப்பார்கள். கோச் அதைக் கூறு போட்டுக் கொடுப்பார். நம் பையனுக்குக் கிடைத்தது கால் பங்கு, மீதி கடன். உடலியக்கவியலில் பட்டம் வாங்கினான். எம்.எல்.எஸ். அணிகள் கல்லூரி வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை.

அடுத்தது ஓப்பன் டிரையல்ஸ். பணம் கட்டினால் யாரும் போகலாம். அவன் போன இடத்தில் எண்பது பேராம். மேல்பனியனில் 63 என்ற எண்ணை ஊக்கு குத்தி மாட்டிவிட்டார்கள். இரண்டு நாள் ஆட்டத்தில் யாரும் அவன் பெயரைக் கேட்கவில்லை. "63, இன்னும் அகலமாகப் போ" என்று ஒரு குரல் மட்டும் கேட்டதாம். யாருக்காவது எண் ஞாபகம் இருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது என்பான். எண்பதில் எடுத்தது இரண்டு பேரை. அந்த ஊக்கை ஷின் கார்டு பையில் வைத்திருந்தான். பை துவைக்கும்போது என் விரலில் குத்தித்தான் இந்தக் கதையே எனக்குத் தெரியவந்தது.

கேள்வி: ஒரு மேட்ச் வாரம் எப்படி இருக்கும்? — வாசகி, மதுரை

வெளியூர் ஆட்டம் என்றால் பஸ். பத்து மணி நேரம் சாதாரணம். ஆட்டம் முடிந்து ராத்திரியே கிளம்பி, விடிகாலை நாலரைக்குச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மாடி ஏறுவான். மூன்றாவது படி கிறீச்சிடும். அதைத் தாண்டி மிதிக்கக் கற்றுக்கொண்டிருந்தான். ஆனால் கணுக்கால் வீங்கிய நாள்களில் தாண்ட முடியாது. ஆக, படி கிறீச்சிட்டால் நான் படுக்கையிலேயே தெரிந்துகொள்வேன், இன்றைக்கு ஐஸ் வேண்டும் என்று. பெட்ரோல் பங்கில் விற்கும் ஐஸ் மூட்டை இரண்டை ஃப்ரீசரில் எப்போதும் வைத்திருப்போம். குளியல் தொட்டியில் கொட்டி, தண்ணீர் விட்டு, பன்னிரண்டு நிமிடம் இடுப்புவரை உட்கார்ந்திருப்பான். முதல் நிமிடத்தில் மட்டும் சத்தம் வரும். ஈர பூட்ஸுக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து ஹீட்டர் காற்று வரும் துளைக்குப் பக்கத்தில் வைப்பான். அந்த வாடைக்கு வீடே பழகிவிட்டது.

என்னை முதலில் 'மேம்' என்றுதான் கூப்பிட்டான். விடுமுறைக்கு வந்த மகளைப் பார்த்து 'அம்மா'வுக்கு மாறினான். வாயில் அது 'அமா' என்று வரும். திருத்தவில்லை.

கேள்வி: அங்கிருந்து மேலே போனவர்கள் யாருமே இல்லையா? — வாசகர், சேலம்

இருக்கிறார்கள். பையனுக்கு ஜே டிமெரிட் கதை மனப்பாடம். விஸ்கான்சினில் கிரீன் பே ஊர்க்காரர், கல்லூரி முடித்ததும் டிராஃப்டில் எடுபடாதவர். 2003-ல் 1,800 டாலரை வைத்துக்கொண்டு லண்டன் போனார். இங்கிலாந்தின் ஒன்பதாம் படியில் சவுத்தால் என்ற அணியில் வாரம் 40 பவுண்டுக்கு ஆடினார். அடுத்த வருடம் டிரையலில் வாட்ஃபோர்டு என்ற கிளப் எடுத்துக்கொண்டது. 2006-ல் லீட்ஸுக்கு எதிரான பிளே-ஆஃப் இறுதியில் முதல் கோலைத் தலையால் முட்டிப் போட்டு, அணியைப் பிரீமியர் லீக்குக்கு ஏற்றிவிட்டார். 2010 உலகக் கோப்பையில் அமெரிக்காவுக்கு ஆடினார். கவனியுங்கள், ஏணி இருந்த நாட்டுக்குப் போய்த்தான் ஏற முடிந்தது.

உள்ளூரிலேயே ஏறியவர் கிறிஸ் வொண்டலோவ்ஸ்கி. சிகோ ஸ்டேட் என்ற சின்னக் கல்லூரி. 2005-ல் துணை டிராஃப்டில் 41-வதாக எடுத்து, ரிசர்வ் அணியிலும் பெஞ்சிலும் வருடக்கணக்காக உட்கார வைத்தார்கள். 2010-ல் 27 வயதில் 18 கோல் போட்டார். 2021-ல் ஓய்வு பெறும்போது 171 கோல், எம்.எல்.எஸ். வரலாற்றிலேயே அதிகம்.

ஆனால் பையனை உறுத்தியது இவர்கள் கதை அல்ல. அந்தக் காலத்தில் எம்.எல்.எஸ். அணிகளின் இரண்டாம் அணிகளும் இதே லீக்கில் ஆடின. நியூயார்க் ரெட் புல்ஸின் இரண்டாம் அணியில் 2016-ல் 17 வயது டைலர் ஆடம்ஸ் இருந்தார். பிறகு ஜெர்மனி போய், 2022 உலகக் கோப்பையில் அமெரிக்க அணிக்கே கேப்டன் ஆனவர். அந்த அணியோடு ஆடிவிட்டு வந்த அன்று பையன் சாப்பிடும்போது சொன்னான்: "அமா, அவர்களுக்கு இது பள்ளிக்கூடம். எனக்கு இது வேலை." 22 வயதில் அவன் கிழவனாகிவிட்டிருந்தான்.

கேள்வி: சின்ன அணி பெரிய அணியை எப்போதாவது தோற்கடித்திருக்கிறதா? — பள்ளி மாணவர், ஈரோடு

அதற்கென்றே யு.எஸ். ஓப்பன் கப் என்ற போட்டி இருக்கிறது. 1914 முதல் நடக்கிறது. அமெச்சூர் அணிகூட நுழையலாம். 1999-ல் ரோச்செஸ்டர் ரைனோஸ் என்ற கீழ் லீக் அணி நாலு எம்.எல்.எஸ். அணிகளை வரிசையாகச் சாய்த்துக் கோப்பையையே தூக்கியது. அதற்கப்புறம் எந்தக் கீழ் லீக் அணியும் தூக்கவில்லை.

2017 ஜூனில் இரண்டு ராத்திரிகள் எங்கள் வீட்டில் யாரும் தூங்கவில்லை. முதலாவது, பால்டிமோரில் ஒரு மதுக்கடையின் பெயரில் ஆடும் கிறிஸ்டோஸ் எஃப்.சி. எல்லாரும் பகலில் வேலைக்குப் போகிறவர்கள். எம்.எல்.எஸ்.ஸின் டி.சி. யுனைடெட்டுக்கு எதிராக ஃப்ரீ கிக்கில் முதல் கோலைப் போட்டுவிட்டார்கள். கடைசியில் 4-1 என்று தோற்றார்கள், அது வேறு விஷயம். இரண்டாவது, சின்சினாட்டியில் 32,287 பேர் கூடிய ஆட்டம். பையன் ஆடிய அதே லீக்கின் எஃப்.சி. சின்சினாட்டியில் மிட்ச் ஹில்டிபிராண்ட் கோல்கீப்பர். எம்.எல்.எஸ். அணியான சிகாகோ ஃபயரின் பெனால்டி மூன்றைத் தடுத்து அணியை ஜெயிக்க வைத்தார். என் கணவருக்கு ஆஃப்சைடு இன்றுவரை புரியவில்லை. பெனால்டி புரிகிறது. சோபாவில் ஏறி நின்றார்.

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. நன்றாக ஆடுவான். அமெரிக்காவில் சின்ன லீக்கிலாவது சேர்த்துவிட ஒரு ஏஜென்ட் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? — ஒரு தாய், சென்னை

கொடுக்காதீர்கள், அம்மா. கிளப்புக்கு உண்மையிலேயே ஆள் தேவை என்றால் கிளப்தான் விசாவுக்கு அலையும், நீங்கள் அல்ல. அதுவும் ஓர் அணி இத்தனை வெளிநாட்டவரைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று கணக்கு உண்டு. அந்த இடத்தை அனுபவஸ்தர்களுக்குத்தான் கொடுப்பார்கள். மாணவர் விசாவில் வருகிறவர் சம்பளத்துக்கு ஆடுவது சட்டச் சிக்கல். கோடை விடுமுறையில் யு.எஸ்.எல். லீக் டூ போன்ற அமெச்சூர் லீக்கில் சம்பளம் இல்லாமல் ஆடலாம், கல்லூரி மாணவர்கள் நிறையப் பேர் அப்படி ஆடுகிறார்கள். படிப்பைக் காரணமாக வைத்து வரட்டும், பந்து கூட வரட்டும்.

நம் சுனில் சேத்ரியே 2010-ல் கன்சாஸ் சிட்டி அணிக்கு வந்து, லீக் ஆட்டம் ஒன்றுகூட ஆடாமல் திரும்பினார். அவருக்கே அந்தக் கதி.

கேள்வி: அவர் இப்போது என்ன செய்கிறார்? — பதினோரு பேர் கேட்டிருக்கிறார்கள்

2017 அக்டோபரில், கடைசி ஆட்டம் முடிந்த நாலாம் நாள், வீரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினார்கள். அடுத்த வருடத்துக்கும் வைத்துக்கொள்ளலாமா என்ற 'ஆப்ஷன்' கிளப்பின் கையில். வீரருக்கு அதில் சொல்ல ஒன்றும் இல்லை. நான் காரில் காத்திருந்தேன். பதினோரு நிமிடத்தில் வந்துவிட்டான். பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, "மாத முடிவில் இன்ஷூரன்ஸ் நின்றுவிடும், அதற்குள் பல் டாக்டரிடம் போய்விட வேண்டும்" என்றான். வேறு எதுவும் சொல்லவில்லை. பல் டாக்டரிடம் போனோம்.

அந்தக் குளிர்காலம் ஒரு கிடங்கில் பெட்டி தூக்கினான். உள்ளரங்கக் கால்பந்து அணி ஒன்றில் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று ஆடினான். வசந்தத்தில் வேறு இரண்டு ஊர்களில் டிரையல்ஸ். இரண்டாவதில் தொடைத் தசை கிழிந்தது. யு.எஸ்.எல். வீரர்கள் சங்கம் அமைத்தது 2018-ல், அந்தச் சங்கம் முதல் கூட்டு ஒப்பந்தம் போட்டது 2021-ல். குறைந்தபட்சச் சம்பளம் என்ற ஒன்று வந்தது அதற்கப்புறம்தான். இவனுக்கு எதுவும் உதவவில்லை.

இப்போது ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர், பெண்கள் அணிக்குக் கோச். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு அமெச்சூர் அணிக்கு ஆடுகிறான், லெஃப்ட் பேக்தான். போன இலையுதிர் காலத்தில் அந்த அணி ஓப்பன் கப் தகுதிச் சுற்றில் இரண்டாம் ஆட்டம்வரை போய், பெனால்டியில் தோற்றது. மூன்றாவது பெனால்டி இவனுடையது. எங்கே அடித்தாய் என்று கேட்டேன். "பார்க்கிங்கில், அமா" என்றான்.