ஸ்டெப்ஸ் கணக்கு மாறிமாறிக் காட்டும் ஃபிட்னஸ் பேண்ட்: பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: சர்க்கரை இருப்பதால் தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர். ஆன்லைனில் 5,499 ரூபாய்க்கு ஒரு ஃபிட்னஸ் பேண்ட் வாங்கி மூன்று மாதம் ஆகிறது. அதே மைதானம், அதே பத்துச் சுற்று. ஒரு நாள் 5,200 ஸ்டெப்ஸ், மறுநாள் 3,900. பைக்கில் ஆபீஸ் போய் இறங்கினால், நடக்காமலே சில நூறு ஸ்டெப்ஸ் ஏறியிருக்கிறது. மொபைலில் உள்ள ஆப் வேறொரு கணக்கு சொல்கிறது. சர்வீஸ் சென்டரில் ரீசெட் செய்துவிட்டு, ‘பழுது இல்லை’ என்று எழுதிக் கொடுத்தார்கள். விற்ற தளம், ரிட்டர்ன் காலம் முடிந்துவிட்டது என்கிறது. கம்பெனியோ ‘எண்ணிக்கை தோராயமானது’ என்று மெயில் அனுப்புகிறது. வழக்குப் போடலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: போடலாம். ஆனால் நீங்கள் சொல்லும் மூன்று குறைகளில் ஒன்றுதான் வழக்கில் நிற்கும். மற்ற இரண்டையும் சேர்த்து எழுதினால் எதிர்த்தரப்பு அவற்றைத்தான் முதலில் பிடித்துக்கொள்ளும்.

மொபைலும் பேண்டும் ஒத்துப்போகவில்லை என்பதை விட்டுவிடுங்கள். பேண்டுக்குள் இருக்கும் ஆக்சலரோமீட்டர் உங்கள் மணிக்கட்டின் அசைவை வைத்துத்தான் எண்ணுகிறது. பாக்கெட்டில் கிடக்கும் மொபைல் அங்கே உணரும் அசைவை வைத்து எண்ணுகிறது. கையில் பையைப் பிடித்தபடி நடந்தால் பேண்ட் குறைத்துக் காட்டலாம். ஆக, இரண்டு கருவிகள் இரண்டு எண் காட்டுவதால் எது தப்பு என்று நிரூபணமாகாது. பைக் விஷயமும் கிட்டத்தட்ட அப்படித்தான். நம் ரோட்டுக் குலுக்கலை நடை என்று எடுத்துக்கொள்வது இந்த வகைக் கருவிகளுக்குப் பொதுவான குறை. ‘வண்டிப் பயணத்தைத் தானாக ஒதுக்கிவிடும்’ என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் மட்டும் அதைக் கையில் எடுங்கள்.

மைதானக் கணக்குதான் உங்கள் பலம். ஒரே கருவி, ஒரே கை, ஒரே தூரம். வித்தியாசம் 1,300 ஸ்டெப்ஸ், அதாவது கால் பங்கு. ‘தோராயம்’ என்ற ஒரு சொல்லுக்குள் இவ்வளவையும் அடக்க முடியாது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 2(10) பிரிவு ‘குறைபாடு’ என்பதற்குத் தரும் விளக்கம் உங்களுக்குச் சாதகமானது. விற்பவர் எந்த விதத்திலாவது சொன்ன தரத்தில் பொருள் இல்லாவிட்டாலும் அது குறைபாடுதான். அதனால் கம்பெனி என்ன சொல்லி விற்றது என்பதுதான் முக்கியக் கேள்வி. ‘துல்லியமான ஸ்டெப் கணக்கு’ என்று விற்பனைப் பக்கத்திலோ பெட்டியிலோ இருந்தால், இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட்டும் போட்டோவும் எடுத்து வையுங்கள். புகார் போனதும் அந்த வரி பக்கத்திலிருந்து காணாமல் போகலாம். அப்படி எதுவுமே சொல்லாமல், பொடி எழுத்தில் ‘தோராயம்’ என்று முன்கூட்டியே போட்டிருந்தால் வழக்கு கொஞ்சம் கடினம்தான். அப்போதும் வித்தியாசத்தின் அளவை வைத்து வாதாடலாம்.

அடுத்தது சாட்சியம். ஆப்பில் எந்தக் கை என்ற செட்டிங்கைச் சரிசெய்துவிட்டு, ஆயிரம் ஸ்டெப்ஸ் வாய்விட்டு எண்ணி நடங்கள். தொடக்க எண்ணும் முடிவு எண்ணும் தெரியும்படி வேறொருவர் வீடியோ எடுக்கட்டும். சில நாள் இப்படிச் செய்தால் போதும். பில், சர்வீஸ் சென்டர் தந்த ஜாப் ஷீட், கம்பெனியின் மெயில் மூன்றும் பத்திரம். ‘பழுது இல்லை’ என்ற அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். வாரண்டி காலத்துக்குள்ளேயே நீங்கள் முறையிட்டீர்கள் என்பதற்கு அதுவே ஆதாரம்.

அப்புறம், விற்ற தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 2020-இன் மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்தில் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதியுங்கள். அதற்கும் அசையாவிட்டால், தளம், விற்பனையாளர், கம்பெனி மூவருக்கும் நோட்டீஸ் அனுப்புங்கள். வெளிநாட்டுப் பொருளென்றால் இறக்குமதியாளரின் முகவரி பெட்டியிலேயே இருக்கும்.

வழக்கை ஈரோடு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம். கம்பெனியின் அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் இடத்தில் வழக்குப் போட 34-ஆம் பிரிவு இடம் தருகிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்கத் தேவையில்லை. (இதை ஒரு வக்கீலே சொல்கிறேன்.)

ஆப்பைத் திறந்தபோது ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று நீங்கள் தட்டிய நிபந்தனைகளில் ஆர்பிட்ரேஷன் ஷரத்து (தகராறை கோர்ட்டில் அல்ல, தனியார் நடுவரிடம்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை) இருக்கிறதே என்று கம்பெனி பயமுறுத்தலாம். அமெரிக்காவில் ஃபிட்பிட் என்ற ஃபிட்னஸ் பேண்ட் நிறுவனத்தின் மீது, இதயத் துடிப்பைத் தப்பாகக் காட்டுகிறது என்று வாங்கியவர்கள் 2016-இல் வழக்குப் போட்டபோது, அந்த நிறுவனம் இந்த ஷரத்தைத்தான் எடுத்து நீட்டியது. இங்கே அது செல்லாது. எமார் எம்ஜிஎஃப் எதிர் அஃப்தாப் சிங் வழக்கில், அப்படி ஷரத்து இருந்தாலும் நுகர்வோர் புகாருக்குத் தடையில்லை என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

என்ன கேட்கலாம்? முழு விலை, வழக்குச் செலவு, மன உளைச்சலுக்கு ஒரு நியாயமான தொகை. சர்க்கரை கூடியதற்கு லட்சக்கணக்கில் கேட்க வேண்டாம். பேண்டின் தப்புக் கணக்கால்தான் கூடியது என்று டாக்டரை வைத்து நிரூபிக்க வேண்டியிருக்கும். அது நடக்கிற காரியமில்லை. சட்டப்படி மூன்று மாதத்தில் முடிய வேண்டும், ஆய்வகப் பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதம். நடைமுறையில் இழுக்கும். பரிசோதனைக் கட்டணத்தை முதலில் நீங்கள் கட்டச் சொல்வார்கள் என்பதால், உங்கள் வீடியோக்கள் தெளிவாக இருப்பது நல்லது.

வழக்குக் காரணம் எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அதுவரை பேண்டை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடாதீர்கள். ஆணையம் கேட்டால் காட்ட அது உங்களிடம் இருக்க வேண்டும்.