எழுத்தறிவு: ஒரு கணக்கெடுப்பு, மூன்று விழுக்காடுகள்

அன்புள்ள ஐயா,

போட்டித் தேர்வுக்குப் படித்துவருகிறேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் எழுத்தறிவு விகிதம் ஒரு நூலில் 74.04 என்றும், இன்னொன்றில் 73 என்றும், ஒரு கட்டுரையில் 63 என்றும் இருக்கிறது. எது சரி? கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவர்களையும் சேர்த்துவிட்டார்கள் என்கிறார் நண்பர். அது உண்மையா?

க., திருவாரூர்

அன்புள்ள க.,

மூன்றும் அந்த ஒரே கணக்கெடுப்பிலிருந்து வந்தவைதான். 74.04 என்பது 2011 மார்ச் 31 அன்று வெளியான தற்காலிக முடிவு. பின்னர் இறுதித் தரவு வந்தபோது எழுத்தறிவு பெற்றோர் ஏறத்தாழ 76.36 கோடிப் பேர் எனக் கணக்காகி, விகிதம் 73-க்கு இறங்கியது. பீகாரில் இந்த இறக்கம் இன்னும் பெரியது: 63.82 என்று அறிவிக்கப்பட்டது 61.80 ஆயிற்று.

63 என்பது அதே 76.36 கோடியை, கைக்குழந்தைகளும் அடங்கிய 121 கோடி மொத்த மக்கள்தொகையால் வகுத்தால் கிடைப்பது. 1991 முதல் ஏழு வயதும் அதற்கு மேலும் ஆனோரை மட்டுமே வகுஎண்ணாகக் கொள்கிறார்கள். அதற்கு முன் ஐந்து வயது அளவுகோலாக இருந்தது. குழந்தைகளைச் சேர்த்து வகுத்தால், பிறப்பு விகிதம் கூடுதலாக உள்ள மாநிலம் கல்வியில் இருப்பதைவிடப் பின்தங்கியதாகத் தோன்றும். பீகாரில் ஆறு வயது வரையிலான குழந்தைகள் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர், கேரளத்தில் பத்துப் பேர்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், 63 என்ற எண்ணைக் கொண்டு மாநிலங்களை ஒப்பிடுவது ஏன் முறையல்ல என்பது விளங்கும்.

உங்கள் நண்பர் சொல்வது விதிப்படி சரியல்ல. ஏதேனும் ஒரு மொழியில் பொருளுணர்ந்து படிக்கவும் எழுதவும் தெரிந்தவரே எழுத்தறிவு பெற்றவர். படிக்கத் தெரிந்து எழுதத் தெரியாதவர்கூட அதில் சேரமாட்டார். பள்ளிக்குச் சென்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. ஆனால் கணக்கெடுப்பாளர் பெரும்பாலும் வீட்டார் சொல்லும் பதிலைத்தான் குறித்துக்கொள்கிறார் என்பதால், நண்பரின் ஐயத்தை முற்றிலும் தள்ளிவிடவும் முடியாது. (வீட்டுக்கு வந்த அரசு ஊழியரிடம் "எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது" என்று சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்?)

இந்த மொத்த விகிதத்தைவிட ஆண், பெண் இடைவெளிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 2001-இல் ஆண்கள் 75.26, பெண்கள் 53.67, இடைவெளி ஏறக்குறைய 21.6 புள்ளிகள். 2011 இறுதித் தரவில் ஆண்கள் 80.88, பெண்கள் 64.63 என்றாகி, இடைவெளி 16 புள்ளிகளுக்குச் சற்று மேல் நின்றது. பத்தாண்டுகளில் பெண்களின் விகிதம் ஆண்களுடையதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு உயர்ந்திருக்கிறது. 1951-இல் நூறு பெண்களில் ஒன்பது பேருக்கும் குறைவானவர்களே எழுத்தறிவு பெற்றிருந்தார்கள் என்பதோடு சேர்த்துப் பார்த்தால் இது சிறிய நகர்வன்று. ஆயினும் ராஜஸ்தானில் 2011-இலும் ஆண்கள் 79.19, பெண்கள் 52.12 என்ற நிலைதான். தமிழ்நாட்டில் ஆண்கள் 86.77, பெண்கள் 73.44; நாட்டின் சராசரியைவிட மேல் என்றாலும், 13 புள்ளி இடைவெளியைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள எனக்கு மனமில்லை.

தேர்வில் 74.04 என்று விடை தரப்பட்டிருந்தால் அது தற்காலிகத் தரவு என்று புரிந்துகொண்டு குறியுங்கள். கட்டுரை வினாவானால் 73 என எழுதி, ஏழு வயதும் அதற்கு மேலும் ஆனோருக்கான இறுதித் தரவு என்பதையும் சேர்த்துவிடுங்கள்.