ஐடியா மீட்டிங்கில் யாரும் வாயைத் திறப்பதில்லையே, என்ன செய்வது?

கேள்வி: நான் ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் 9 பேர் கொண்ட குழுவுக்குத் தலைவர். ஒவ்வொரு குழுவும் காலாண்டுக்கு 10 புதுமையான யோசனைகள் தர வேண்டும் என்று மேலிடம் சொல்லிவிட்டது. மாதம் ஒரு ஐடியா மீட்டிங் போடுகிறேன். எல்லோரும் குனிந்த தலை நிமிராமல் செல்போனைப் பார்க்கிறார்கள். போன வருஷம் ஒருவர் மட்டும் ஏதோ சொன்னார், வேலை நெருக்கடியில் அதைக் கவனிக்க முடியவில்லை. இப்போது ஒரு பயிற்சி நிறுவனம் இரண்டு நாள் ஒர்க்‌ஷாப், யோசனைகளைப் பதிவு செய்ய ஒரு ஆப், சிறந்த யோசனைக்குப் பரிசுத் திட்டம் எல்லாவற்றையும் சேர்த்துத் தருவதாகச் சொல்கிறது. வாங்கலாமா? என் ஆட்களிடம் சரக்கே இல்லையோ என்றும் சந்தேகமாக இருக்கிறது.

பதில்: வாங்க வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேலிடத்து அவசரத்தில் பாதி படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி, நீங்கள் போகிற போக்கில் எழுதியதுதான். போன வருஷம் ஒருவர் ஏதோ சொன்னார். நீங்கள் கவனிக்கவில்லை. ஆனால் மற்ற எட்டுப் பேரும் கவனித்தார்கள். அவர் சொன்ன விஷயத்தை அல்ல, சொன்ன பிறகு அவருக்கு என்ன நடந்தது என்பதை. ஒன்றும் நடக்கவில்லை என்பதும் ஒரு பதில்தான். உங்கள் ஆட்களிடம் சரக்கு இருக்கிறது. சொல்லிப் பயனில்லை என்ற பாடத்தை அவர்கள் உங்களிடம்தான் கற்றிருக்கிறார்கள்.

கோபப்படாதீர்கள், நானும் இதைச் செய்தவன். பல வருஷங்களுக்கு முன் உங்களைப் போலவே ஒரு குழுவை நடத்தினேன். புகார் பதியும் திரையில் நிரப்ப வேண்டிய கட்டங்கள் 14. வேலைக்கு வந்து மூன்று மாதமே ஆன ஒரு பெண் மீட்டிங்கில் கை தூக்கி, “சார், அந்த 11ஆவது கட்டத்தை யாருமே பார்க்கிறதில்லை. போன வாரம் முழுக்க நான் வெறும் புள்ளி வைத்துத்தான் அனுப்பினேன், யாரும் கேட்கலை” என்றார். எல்லோரும் சிரித்தோம். அருமையான விஷயம்தானே? ஒரு வாரம் சோதித்துப் பார்த்துவிட்டு ஆதாரத்தோடு வந்திருக்கிறார். நான் என்ன செய்தேன் தெரியுமா? “ரொம்ப நல்ல பாயின்ட்மா, ஒரு நோட் போட்டு அனுப்பு” என்றேன். அவர் ஷிஃப்ட் முடிந்து உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினார். நான் அதை மென்பொருள் பிரிவுக்குத் தள்ளிவிட்டேன். அவர்கள் தணிக்கைப் பிரிவைக் கேட்டார்கள். தணிக்கைப் பிரிவு, கட்டத்தில் புள்ளி வைக்க அனுமதி கொடுத்தது யார் என்று கேட்டு அந்தப் பெண்ணுக்கு மெமோ அனுப்பியது. அதற்குப் பிறகு அவர் கை தூக்கி நான் பார்க்கவில்லை. நான் அந்த வேலையை விட்டு வந்தபோதும் 11ஆவது கட்டம் அப்படியேதான் இருந்தது.

அந்த மெமோவைத் தடுத்திருக்க வேண்டியது நான். அதற்கும் முன்னால், “நோட் போட்டு அனுப்பு” என்று சொல்லியிருக்கவே கூடாது. யோசனை சொன்னவர் தலையிலேயே அதைக் கட்டிவிடுவது நம் அலுவலகங்களின் பழைய நோய். சொன்னால் கூடுதல் வேலை, சொல்லாவிட்டால் நேரத்துக்கு வீடு. புத்தியுள்ளவன் எதைத் தேர்ந்தெடுப்பான்?

எனவே உங்களுக்கு முதல் வேலை இதுதான். யார் எதைச் சொன்னாலும் ஒரு வாரத்துக்குள் நீங்கள் பதில் சொல்ல வேண்டும். செய்கிறோம், செய்யவில்லை, சின்னதாகச் செய்து பார்ப்போம். இந்த மூன்றில் ஒன்று. செய்யவில்லை என்றால் ஏன் என்று ஒரு வரி. “பார்க்கலாம்” என்ற சொல்லை மட்டும் அகராதியிலிருந்து எடுத்துவிடுங்கள். பார்க்கலாம் என்றால் பார்க்கப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். மறுப்பு வந்தால் ஆட்கள் வாயை மூடிக்கொள்வார்கள் என்று நினைக்க வேண்டாம். காரணத்தோடு வந்த மறுப்பை மனிதர்கள் நன்றாகவே தாங்கிக்கொள்கிறார்கள், பதிலே வராததைத்தான் தாங்குவதில்லை.

டொயோட்டா தொழிற்சாலைகளில் வேலை செய்யுமிடத்தை ஒட்டி ஒரு கயிறு தொங்கும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். தொழிலாளி ஏதாவது கோளாறைக் கண்டால் இழுக்கலாம், உற்பத்தியே நின்றுவிடும் என்று மேடைப் பேச்சாளர்கள் சொல்வார்கள். பாதிதான் சரி. கயிற்றை இழுத்ததும் விளக்கு எரியும், குழுத் தலைவர் அந்த இடத்துக்கு வந்து நிற்பார். குறித்த நேரத்துக்குள் அவரால் சரிசெய்ய முடியாவிட்டால்தான் வரிசை நிற்கும். முக்கியம் கயிறு அல்ல, இழுத்தவுடன் ஆள் வருவது. நம் ஊழியர்களுக்குக் கயிறு மட்டும் கட்டிக் கொடுத்துவிட்டு நாம் அடுத்த மீட்டிங்குக்குப் போய்விடுகிறோம்.

இரண்டாவது, செய்து பார்க்கும் வேலையை யாருக்குக் கொடுப்பது? சொன்னவருக்கு விருப்பமா என்று கேளுங்கள். விருப்பம் என்றால் அவருடைய வழக்கமான வேலையில் ஒன்றை எடுத்து வேறு ஒருவருக்குக் கொடுங்கள், அல்லது நீங்கள் செய்யுங்கள். எடுக்காமல் கொடுத்தால் அது தண்டனைதான். முயற்சி சின்னதாக இருக்கட்டும். இரண்டு பேர், இரண்டு வாரம், எந்த நிலை வந்தால் நிறுத்துவோம் என்று முன்கூட்டியே எழுதி வைத்த ஒரு வரி. தோற்றுப்போனால் மேலே அனுப்பும் அறிக்கையில் “என் அனுமதியுடன் செய்யப்பட்டது” என்று எழுதி உங்கள் பெயரைப் போடுங்கள். ஜெயித்தால் சொன்னவர் பெயரைப் போடுங்கள். இந்த ஒன்றை உங்கள் ஆட்கள் இரண்டு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் போதும், ஒர்க்‌ஷாப் எதுவும் தேவைப்படாது.

மீட்டிங்கைப் பற்றி. வட்டமாக உட்கார்ந்து “ஐடியா சொல்லுங்க” என்று கேட்பதை நிறுத்துங்கள். கூடிப் பேசினால் யோசனை பெருகும் என்ற நம்பிக்கையை யேல் பல்கலைக்கழகத்தில் 1958லேயே சோதித்துவிட்டார்கள். நான்கு நான்கு பேராகக் கூடி யோசித்தவர்களைவிட, தனித்தனியாக யோசித்த நான்கு பேரின் பட்டியல்களை ஒன்றுசேர்த்தபோது ஏறத்தாழ இரு மடங்கு யோசனைகள் கிடைத்தன. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும்போது மறந்துபோகும், அல்லது சொல்ல வேண்டாம் என்று தோன்றிவிடும். அதனால் முதல் பத்து நிமிஷம் ஆளுக்கொரு தாள், பேச்சு கிடையாது. கேள்வியையும் மாற்றுங்கள். புதுமை என்ற சொல்லைக் கேட்டாலே ஆட்கள் ராக்கெட் விட வேண்டுமோ என்று பயந்துவிடுகிறார்கள். “இந்த வாரம் எந்த வேலையைச் செய்யும்போது எரிச்சல் வந்தது?” என்று கேளுங்கள், தாள் நிரம்பும். நீங்கள் கடைசியில் பேசுங்கள். முதலில் பேசினால் உங்கள் கருத்தே ஒன்பது கையெழுத்தில் திரும்பி வரும்.

இனி அந்தப் பயிற்சி நிறுவனம். இந்த வியாபாரத்தைக் கிட்டத்தில் இருந்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். இரண்டு நாள் சுவர் முழுக்க வண்ண வண்ணச் சீட்டு ஒட்டுவார்கள். எல்லோரும் நின்று குரூப் போட்டோ எடுப்பார்கள். திங்கட்கிழமை காலையில் அந்தச் சீட்டுகளைக் கிழித்து எடுப்பவர் துப்புரவுப் பணியாளர். வந்தவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். உங்களிடம் பயிற்சி எடுத்த ஒரு குழுவில், ஒரு வருஷம் கழித்தும் புழக்கத்தில் இருக்கும் ஒரே ஒரு மாற்றத்தைக் காட்டுவீர்களா? மூன்று மாதம் கழித்து, தனிக் கட்டணம் இல்லாமல் வந்து நிலவரத்தைப் பார்ப்பீர்களா? பெரும்பாலும் அதற்குப் பிறகு போன் வராது.

ஆப் இன்னும் மோசம். யோசனைகளைச் சேர்க்க ஒரு எக்செல் தாள் போதும். ஆப்பின் உண்மையான வாடிக்கையாளர் உங்கள் குழு அல்ல, மேலிடம். எந்தக் குழு எத்தனை கொடுத்தது என்று பட்டை பட்டையாகக் காட்டும். எண்ணிக்கை திரையில் ஏறிவிட்டால் எண்ணிக்கைதான் வளரும். ஒரே யோசனையை நாலாக வெட்டிப் பதிவார்கள், போன வருஷத்துப் பட்டியலைத் தூசி தட்டுவார்கள். இடையில் இன்னொரு ஜாதி ஆட்களும் முளைப்பார்கள். கீழே இருப்பவர்கள் சொன்னதைத் தொகுத்து, அழகாக ஸ்லைடு போட்டு, மேலே தன் யோசனையாகக் காட்டுகிறவர்கள். வெளியிலிருந்து வரும் தரகரைவிட இந்த உள்ளூர்த் தரகர் ஆபத்தானவர். உங்கள் குழுவிலிருந்து எந்த யோசனை மேலே போனாலும், முடிந்தால் சொன்னவரையே கூட்டிக்கொண்டு போய்ப் பேச வையுங்கள்.

பரிசு விஷயம் கொஞ்சம் சிக்கல். பொதுவாக வேண்டாம் என்பேன். 1962ல் சாம் கிளக்ஸ்பர்க் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். மெழுகுவத்தி, தீக்குச்சி, ஒரு பெட்டி நிறையச் சின்ன ஆணிகள். மெழுகுவத்தியைச் சுவரில் நிறுத்த வேண்டும். ஆணிகளைக் கொட்டிவிட்டு வெறும் பெட்டியைச் சுவரில் குத்தினால் அதுவே மேடை, அவ்வளவுதான். சீக்கிரம் முடித்தால் பணம் என்று சொல்லப்பட்டவர்கள், சும்மா செய்தவர்களைவிடச் சராசரியாக மூன்றரை நிமிஷத்துக்கும் மேல் கூடுதலாக எடுத்துக்கொண்டார்கள். பணத்தின் மேல் கண் இருக்கும்போது பெட்டி பெட்டியாக மட்டுமே தெரிகிறது.

ஆனால் அதே சோதனையில் ஆணிகளை முன்னமேயே வெளியே கொட்டி, பெட்டியைத் தனியாக வைத்துக் கொடுத்தபோது பணத்துக்காகச் செய்தவர்கள்தான் முந்தினார்கள். இதை யாரும் சொல்வதில்லை, அதனால் விளக்கமாகச் சொல்கிறேன். வழி தெரிந்த, உழைப்பு மட்டுமே பாக்கி இருக்கிற வேலைக்குப் பரிசு உதவும். ஒரே வாடிக்கையாளர் பெயர் மூன்று இடத்தில் பதிவாகியிருப்பதைத் தேடிப் பிடிப்பது, தேங்கிக் கிடக்கும் பழைய புகார்களை முடிப்பது, காலாவதியான பதில் கடிதங்களைப் பொறுக்கி எடுப்பது, இவற்றுக்குத் தாராளமாக வையுங்கள். அதிலும் தனி ஆளுக்கு வேண்டாம், குழுவுக்கே கொடுங்கள். முடியும் தேதி போடுங்கள். பிழை கண்டுபிடித்தால் பரிசு என்று தேதியில்லாமல் அறிவித்தால், காலையில் பிழை போட்டு மாலையில் கண்டுபிடிக்கும் சாமர்த்தியசாலிகள் வருவார்கள். வந்திருக்கிறார்கள். ஒரே ஆள் பிழை போடவும் பிழை பிடிக்கவும் முடிகிற இடமாக இருந்தால் பரிசே வேண்டாம். மற்றபடி, தலையைப் பிய்த்துக்கொண்டு யோசிக்க வேண்டிய இடத்தில் பணத்தை மேசை மேல் வைக்காதீர்கள்.

காலாண்டுக்கு 10 என்ற கட்டளையைப் பற்றி நான் நினைப்பதை முழுசாக எழுதினால் அச்சில் வராது. ஒட்டிப் பிரிக்கும் மஞ்சள் சீட்டின் கதையைச் சொல்லாத கன்சல்டன்ட் கிடையாது. அவர்கள் விழுங்கிவிடும் பகுதி இது: 3எம் நிறுவனத்தில் ஸ்பென்சர் சில்வர் அந்த அரைகுறைப் பசையைக் கண்டுபிடித்தது 1968ல். தேவாலயப் பாட்டுப் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்த தாள்கள் நழுவுகிறதே என்று அதே நிறுவனத்தில் வேலை செய்த ஆர்ட் ஃப்ரைக்கு அந்தப் பசை நினைவுக்கு வந்தது 1974ல். அமெரிக்கா முழுவதும் கடைக்கு வந்தது 1980ல். 12 வருஷம். உங்கள் மேலிடத்தின் கணக்கில் 48 காலாண்டு. இதே மேலிடம்தான் வருஷாந்திர மதிப்பீட்டுப் படிவத்தில் “புதிய சிந்தனை” என்று ஒரு கட்டம் வைத்து, அதற்கு அடுத்த கட்டத்தில் “தவறுகளின் எண்ணிக்கை” என்று போட்டு மதிப்பெண்ணைக் குறைக்கும். இரண்டையும் நிரப்பும் அதிகாரிக்குச் சிரிப்பு வருவதில்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆச்சரியம்.

இருந்தாலும் நீங்கள் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். எரிச்சல் பட்டியலிலிருந்து சின்னச் சின்னதாகப் பத்தைத் தேர்ந்தெடுத்து மேலே அனுப்பிவிடுங்கள். பொய் எழுத வேண்டியதில்லை, சின்னதும் யோசனைதான். நிஜமாகச் செய்து பார்க்கிற ஒன்றிரண்டை அந்தக் கணக்கில் சேர்க்காமல் தனியாக வைத்திருங்கள், உருப்படியான பிறகு காட்டலாம்.

சரி, இப்போது போன வருஷம் பேசிய அந்த ஒருவர். அடுத்த மீட்டிங் வரை காத்திருக்காதீர்கள். அவர் இருக்கைக்குப் போங்கள், உங்கள் அறைக்குக் கூப்பிட வேண்டாம். “போன வருஷம் நீங்கள் ஒன்று சொன்னீர்கள், நான் கேட்டுக்கொள்ளவில்லை, தப்பு என்னுடையது. மறுபடி சொல்வீர்களா?” என்று கேளுங்கள். மற்றவர்கள் காதில் விழும்படியாகவே கேளுங்கள். அநேகமாக அவர், “அதெல்லாம் ஒண்ணுமில்ல, விடுங்க” என்பார். விட்டுவிடுங்கள், வற்புறுத்த வேண்டாம். இரண்டு நாள் கழித்து மறுபடி போங்கள்.