நல்ல மதிப்பெண் இருந்தால் போதாதா? வேலைக்குத் தயாராகும் மாணவருக்குச் சமூக, உணர்வுத் திறன்கள், அதாவது பிறரோடு பழகவும் தன் உணர்வுகளைக் கையாளவும் தெரிவது, எதற்கு?

நேர்காணலில் சிரித்த முகத்தோடு பேசத்தான் இந்தத் திறன்கள் என்று பலர் நினைக்கிறார்கள். இறுதியாண்டு மாணவர்களுக்கு மாதிரி நேர்காணல் நடத்துகிறவன் நான். நான் பார்த்தவரை, அதற்கு வெகு முன்பே இவற்றின் வேலை தொடங்கிவிடுகிறது.

நன்றாகப் படிக்கிற மாணவி ஒருவர். சுயவிவரம் தயார். ஆனால் எழுத்துருவை மாற்றுகிறார், ஓரத்தைச் சரிசெய்கிறார், கோப்புக்கு வேறு பெயர் வைத்துச் சேமிக்கிறார். அதற்குள் கடைசித் தேதி போய்விட்டது. இதைச் சோம்பல் என்று திட்டிப் பயனில்லை. அனுப்பாதவரை யாரும் நிராகரிக்க முடியாது அல்லவா? இன்னொரு சான்றிதழ் படிப்பு அவருக்கு உதவாது. பயம் இருக்கும்போதே அனுப்பிவிடப் பழக வேண்டும்.

‘என்னால் முடியும்’ என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் எழுதினார். தானே செய்து பார்த்த அனுபவம், தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் தரும் ஊக்கம், அந்த நேரத்துப் படபடப்பு அல்லது நிதானம் என்று நான்கு வழிகள். லென்ட், பிரவுன், ஹேக்கெட் என்ற உளவியல் ஆய்வாளர்கள் மூவரும் 1994இல் இந்தக் கருத்தை வேலைத் தேர்வுக்குப் பொருத்தினார்கள். நான்கில் இரண்டு பிற மனிதர்கள் வழியாக வருகின்றன, ஒன்று முழுக்க உணர்வு. அறைக்கதவைச் சாத்திக்கொண்டு படிப்பவருக்கு இந்த மூன்றும் எப்படிக் கிடைக்கும்?

அப்புறம், சமூகத் திறன் என்றால் கலகலப்பாக இருப்பது என்று எண்ணி அமைதியானவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். கேட்கத் தெரிந்தால் போதும். சீனியருக்கு, “அண்ணா, ஏதாவது வேலை இருக்கா?” என்று அனுப்பினால் அவர் என்னதான் சொல்வார்? “உங்கள் குழுவில் புதிதாகச் சேர்பவர் முதலில் என்ன வேலை செய்வார்?” என்று கேளுங்கள், நாலு வரியாவது வரும். அவர் நெருங்கிய பழக்கமில்லாதவர் என்றால் இன்னும் நல்லது. நம் நண்பர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரியும். புதுத் தகவல் அரைகுறைப் பழக்கமுள்ளவர்களிடம்தான் இருக்கும் என்று சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இலேயே எழுதிவிட்டார்.

சரி, பாடமே தெரியாமல் இதெல்லாம் இருந்தால்? முதல் தொழில்நுட்பக் கேள்வியிலேயே குட்டு உடைந்துவிடும்.

இப்போதே தொடங்க நினைத்தால் குழு புராஜெக்ட் போதும். வேலை செய்யாத நண்பரிடம் அதைச் சண்டையில்லாமல் எப்படிச் சொன்னீர்கள் என்று எழுதிவையுங்கள். நான் தவறாமல் கேட்கும் கேள்வி அது. பாதிப் பேர், “எங்கள் குழுவில் பிரச்சினையே வந்ததில்லை சார்” என்கிறார்கள். நான் நம்புவதில்லை.