சால்மன் பண்ணையில் செத்த மீனை யார் எண்ணுகிறார்கள்?

கேள்வி: நோர்வே சால்மன் பண்ணைகளில் வருடத்துக்குக் கோடிக்கணக்கான மீன்கள் சாகின்றன என்று படித்தேன். உண்மையா? அதை யார் கணக்குப் பார்க்கிறார்கள்? செத்த மீன் கடைக்கு வந்துவிடாதா?

உண்மைதான். 2023இல் கடலில் இருந்த வளர்ப்பு சால்மன்களில் 6 கோடியே 28 இலட்சம் செத்தன. வீதத்தில் சொன்னால் 16.7. அடுத்த வருடம் 5 கோடியே 78 இலட்சம், 15.4 வீதம். நோர்வே கால்நடை மருத்துவ நிறுவனம் வருடாவருடம் வெளியிடும் மீன் நல அறிக்கையில் இந்த எண்களை யாரும் பார்க்கலாம்.

எண்ணுகிறவர்கள் என்னைப் போன்றவர்கள். வடநோர்வேயில் ஒரு கடற்பண்ணையில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறேன். எண்பதுகளில் பின்மார்க் மீன் ஆலைகளுக்கு வந்து நின்று வேலை செய்த யாழ்ப்பாணத்து ஆட்களில் ஒருவர் என்னைக் காணும் போதெல்லாம் சொல்வார்: "தம்பி, நாங்கள் செத்த மீனை வெட்டினோம். நீ செத்த மீனை எண்ணுறாய். சம்பளம் மட்டும் உனக்குக் கூட."

சரி, வேலை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். எங்கள் கூடு ஒவ்வொன்றும் 160 மீற்றர் சுற்றளவுள்ள வட்டம். சட்டப்படி ஒரு கூட்டில் இரண்டு இலட்சம் மீனுக்கு மேல் விட முடியாது. ஒரு கன மீற்றர் தண்ணீருக்கு 25 கிலோவுக்கு மேல் மீன் இருக்கவும் கூடாது. வலையின் அடி கூம்பு மாதிரி ஒடுங்கியிருக்கும், செத்த மீன் அங்கே போய்ச் சேரும். அங்கிருந்து தடித்த குழாய் ஒன்று மேலே வருகிறது. கம்பிரஸரைப் போட்டால் காற்று அடியில் பாய்ந்து தண்ணீரோடு மீனையும் மேலே தள்ளிக்கொண்டு வந்து கம்பித் தட்டில் கொட்டும். இதை ஒவ்வொரு நாளும் செய்ய வேண்டும் என்பது சட்டம். சனவரியில் குழாய்க்குள் தண்ணீர் உறைந்துபோனால் அன்றைய பாதிப் பொழுது சுடுநீர் ஊற்றுவதிலேயே போய்விடும்.

எண்ணுவது சுலபம். கையில் ஒரு கிளிக்கர், அவ்வளவுதான். ஒன்றரை இலட்சம் மீன் உள்ள கூட்டில் ஒரு நாளைக்கு முப்பது செத்தால் 0.02 வீதம். அன்றைக்குப் பார்த்தால் அது ஒன்றுமே இல்லை, யாரும் பதறமாட்டார்கள். ஆனால் மீன் கடலில் ஏறக்குறைய ஐந்நூறு நாள் இருக்கும். முப்பதை ஐந்நூறால் பெருக்குங்கள், பதினையாயிரம். கூட்டில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது, ஒரு நாள்கூட அலாரம் அடிக்கவில்லை. நீங்கள் படித்த கோடிகளில் ஒரு பகுதி இப்படிச் சத்தமில்லாமல் சேர்ந்தது. பாசி, நோய், ஜெலிமீன் என்று பெரிதாக அடித்தவைதான் செய்தியில் வரும். 2019 மே மாதம் நூர்லாண்ட், துரொம்ஸ் பக்கம் பாசி வந்து சில கிழமைகளுக்குள் ஏறக்குறைய 80 இலட்சம் மீன்கள் செத்தது அப்படிப்பட்ட ஒன்று.

சிக்கல் எண்ணிக்கைக்கு அடுத்த கட்டத்தில் இருக்கிறது. கணினியில் ஒவ்வொரு மீனுக்கும் காரணம் போட வேண்டும். குளிர்காலப் புண், கையாளலில் பட்ட காயம், செவுள் நோய், இதயம், 'தாப்பர்ஃபிஸ்க்' (தோற்றுப்போன மீன் என்று அர்த்தம்: தலை பெரிதாக, உடம்பு ஊசி மாதிரி, கடலுக்கு வந்த நாளிலிருந்து வளராதது) என்று ஒரு வரிசை. கடைசியில் 'தெரியாது' என்று ஒரு கட்டம். குளிரில் விரல் விறைத்துப்போய் நிற்கிறவனுக்கு அந்தக் கட்டம் பெரிய ஆறுதல்.

காரணம் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் முதலில் புதிதாகச் செத்த மீனைப் பொறுக்க வேண்டும். ஊர்ச் சந்தையில் அம்மா செய்கிற அதே வேலைதான், செவுளைத் தூக்கிப் பார்ப்பது. சிவப்பாக இருந்தால் நேற்றிரவு செத்தது. வெளிறிச் சாம்பல் நிறமாகி விட்டால் அதை வெட்டுவதில் பிரயோசனமில்லை, உள்ளே எல்லாம் கூழாகி இருக்கும். புதியதை வயிற்றுப் பக்கமாகக் கீறி இதயம், ஈரல், குடல் என்று வரிசையாகப் பார்ப்போம். குடலில் தீவனம் இல்லாமல் மஞ்சள் சளி மட்டும் இருந்தால் வைரஸால் வரும் கணைய நோயோ என்று யோசிப்போம். பிறகு இதயத் துண்டும் சிறுநீரகத் துண்டும் ஆய்வுகூடத்துக்குப் போகும். காரணம் தெரியாமல் சாவு கூடினால் உணவுப் பாதுகாப்பு அதிகாரசபையான மத்தில்சீனெக்கு உடனே அறிவிக்க வேண்டும். தொற்று இரத்தச்சோகை நோய் என்று உறுதியானால் பண்ணையையே காலியாக்கச் சொல்வார்கள்.

இந்தக் காரணம் போடுவதை ஏன் இவ்வளவு பெரிதுபடுத்துகிறேன் என்றால், ஒருமுறை அதில் பிழையாகப் போட்டது நான்.

எங்கள் ஆறாம் கூடு. நாலு கிலோ மீன், இன்னும் இரண்டு மாதத்தில் அறுவைக்கு (வெட்டி விற்பதற்கு) போக வேண்டியது. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு, பதினைந்து என்று செத்துக்கொண்டிருந்தன. எல்லாம் கொழுத்த, வடிவான மீன்கள். வெளியே ஒரு புண் இல்லை, செதில்தான் அங்கங்கே போயிருந்தது. முந்தின கிழமை வலை மாற்றியிருந்தோம், அதனால் 'கையாளல் காயம்' என்று போட்டேன். மறுநாளும் அதையே போட்டேன். விடுமுறை முடிந்து வந்த மற்றக் குழுவும் நான் போட்டதைப் பார்த்து அதையே போட்டது. மூன்று கிழமையாக ஒரு மீனைக்கூட நாங்கள் கீறிப் பார்க்கவில்லை.

அதே நேரத்தில் பேன் கூடிக்கொண்டு வந்தது. சால்மன் தோலில் ஒட்டி அதைத் தின்னும் சிறு உயிரினம், நோர்வேஜிய மொழியில் லூஸ். கூட்டுக்கு இருபது மீனை மயக்க மருந்துத் தொட்டியில் போட்டு, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து எண்ணுவோம். முட்டை இழை இரண்டு வால் மாதிரித் தொங்கும் பெண் பேன்தான் முக்கியம். சராசரி ஒரு மீனுக்கு 0.5ஐத் தாண்டக் கூடாது. வசந்தத்தில் காட்டுச் சால்மன் குஞ்சுகள் ஆற்றிலிருந்து கடலுக்கு இறங்கும் கிழமைகளில் எல்லை 0.2. எங்களுக்கு 0.4ஐத் தொட்டுவிட்டது. சிகிச்சைக் கப்பல் வந்தது. மீனைப் பட்டினி போட்டு, நெருக்கி, குழாயால் உறிஞ்சி, முப்பது பாகையைத் தாண்டிய நீரில் அரை நிமிடம் விட்டு மறுபடி கடலில் விடுவார்கள். பேன் விழுந்துவிடும். கடல் ஆறேழு பாகையில் இருக்கும்போது மீனுக்கு அது என்ன மாதிரி இருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். அதற்கு முன் மீன்நல நிபுணர் எங்கள் பதிவுகளைப் பார்த்தார். 'கையாளல் காயம்' என்றுதான் இருந்தது. சிகிச்சை செய்யலாம் என்று முடிவானது.

மறுநாள் காலை கம்பிரஸரை நிறுத்தவே முடியவில்லை. முதல் நாள் மட்டும் இரண்டாயிரத்துக்கு மேல். நிபுணர் வந்து தட்டிலிருந்து ஒன்றை எடுத்து, ஒரு கீறலில் இதய உறையைத் திறந்து என் பக்கம் திருப்பினார். உள்ளே கறுத்த சிவப்பில் இரத்தம் ஜெலி மாதிரிக் கட்டிபட்டிருந்தது. ஈரலின் மேல் வெண்மையான படலம். அடுத்ததிலும் அதே, அதற்கடுத்ததிலும் அதே. இதயத் தசையை அழிக்கிற வைரஸ் நோய் அது. இங்கே பேச்சு வழக்கில் 'யெர்த்தெஸ்பிரெக்', இதய வெடிப்பு என்பார்கள். பெரிய, நன்றாக வளர்ந்த மீனைத்தான் கூடுதலாகப் பிடிக்கும். சும்மா விட்டால் மெல்ல மெல்லச் சாகும், நெருக்கி ஓட்டினால் கூட்டமாகச் சாகும். அவர் என்னைத் திட்டவில்லை. "முதல் கிழமையில் இரண்டு மீனை வெட்டியிருந்தால் நேரே அறுவைக்கு அனுப்பியிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

இப்போது எங்கள் பண்ணையில் வெளிக்காயம் இல்லாமல் செத்த பெரிய மீன் தட்டில் வந்தால் கீறாமல் யாரும் காரணம் போடுவதில்லை. இன்னொன்றையும் கவனிக்கிறோம். தீவனம் போடுகிற ஆள் கரையில் திரைகளுக்கு முன்னால் இருந்து தண்ணீருக்குள் இருக்கும் கமராக்களில் மீன் தின்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். "நாலாம் கூடு இரண்டு நாளாகச் சரியாகத் தின்னவில்லை" என்று அவர் சொன்னால் என் கிளிக்கர் காட்டுவதற்குப் பல நாள் முன்பே விஷயம் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். கணைய நோயில் மீன் முதலில் விடுவது சாப்பாட்டைத்தான்.

மருந்து குத்தித்தானே வளர்க்கிறார்கள் என்று பின்னூட்டத்தில் யாராவது கேட்பார்கள். நுண்ணுயிர்க்கொல்லி 1987இல் இந்த நாட்டில் ஏறக்குறைய 50 டன் போனது. தடுப்பூசி வந்த பிறகு குறைந்து, உற்பத்தி பல மடங்கு பெருகிய இந்தக் காலத்தில் வருடத்துக்கு ஒரு டன்னும் இல்லை. ஒவ்வொரு குஞ்சுக்கும் கடலுக்கு வரும் முன் வயிற்றில் ஊசி போடுகிறார்கள். நான் மேலே சொன்ன வைரஸ்களுக்கும் பேனுக்கும் நுண்ணுயிர்க்கொல்லியால் எந்தப் பயனும் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசிக் கேள்வி. செத்த மீன் கடைக்கு வராது. எண்ணி முடித்த உடனே அரைக்கும் இயந்திரத்துக்குள் போகும். ஃபோர்மிக் அமிலம் கலந்து அமிலக் காரக் குறியீட்டு எண்ணை (pH) நாலுக்குக் கீழே கொண்டுவந்து தொட்டியில் சேமிப்போம். அப்போதுதான் பெரும்பாலான கிருமிகள் சாகும், அழுகாது. அதைத் தொட்டிக்கப்பல் வந்து உறிஞ்சிக்கொண்டு போகும், எரிவாயு (பயோகாஸ்) தயாரிப்பதற்கும் போகிறது. மனிதச் சாப்பாட்டுக்கு வர வழியில்லை. உயிரோடு அறுவைக்குப் போய்ப் புண்ணோ கோணலோ இருந்த மீன் வேறு கதை. அதை முழு மீனாக ஏற்றுமதி செய்ய விடமாட்டார்கள், உள்நாட்டிலேயே பழுதான பகுதியை வெட்டி எடுத்த பிறகுதான் வெளியே போகும்.

நான் சால்மன் சாப்பிடுவேன். அரைக்கும் இயந்திரம் கழுவுகிற நாட்களில் மட்டும் வீட்டில் பருப்பு.