எடைக்குறைப்பு ஆபரேஷன்: சில ஆண்டுகள் கழித்து எழும் கேள்விகள்

ஸ்லீவ் ஆபரேஷன் செய்து ஆறு வருடமாகிறது. 118 கிலோவிலிருந்து 76-க்கு வந்தேன். இப்போது 89. டாக்டர் முகத்தில் விழிக்கவே கூச்சமாக இருக்கிறது. எல்லாம் வீண்தானா?
– வாசகி, 44 வயது, திருச்சி

வீணில்லை அம்மா. 118-ஐ மறந்துவிட்டு 76-ஐ மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். இன்றும் 29 கிலோ குறைவாகவே இருக்கிறீர்கள். பழைய எடையில் இது கிட்டத்தட்ட கால் பங்கு. ஸ்வீடனில் 1987-இல் தொடங்கிய ஆய்வு ஒன்று, ஆபரேஷன் செய்துகொண்ட சுமார் 2,000 பேரைப் பல ஆண்டுகள் கவனித்தது. அவர்களுக்கும் முதல் ஓரிரு வருடத்தில் நன்றாக இறங்கிய எடை, பிறகு ஓரளவு ஏறித்தான் நின்றது. அப்படியும், ஆபரேஷன் செய்யாதவர்களைவிட அவர்களிடையே மரணம் குறைவாக இருந்தது.

ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுகிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது அந்தப் பகுதியில்தான். அதனால்தான் முதல் வருடம் பசியே தெரியாது. நாளடைவில் மிச்சமுள்ள பை சற்று விரியும், பசி திரும்பும், இளைத்த உடல் குறைந்த கலோரியிலேயே காலம் தள்ளப் பழகிவிடும். இதை 'வாய்க் கட்டுப்பாடு இல்லை' என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மூன்றாவது இட்லிக்கு இடம் கொடுக்காத வயிறு, மிக்சருக்கும் பிஸ்கட்டுக்கும் சர்க்கரை போட்ட காபிக்கும் வழிவிடும். தட்டில் முட்டை, மீன், சுண்டல், பனீர் முதலில், சோறு கடைசியில். நாளுக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும். டாக்டரிடம் தைராய்டையும், நீங்கள் சாப்பிடும் மற்ற மருந்துகளையும் பார்க்கச் சொல்லுங்கள். எடை குறைக்கும் ஊசி மருந்துகள் இந்தக் கட்டத்தில் பலருக்கு உதவுகின்றன. நெஞ்செரிச்சல் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்; ஸ்லீவுக்குப் பின் அது அடிக்கடி வருவது, எண்டோஸ்கோபி தேவைப்படலாம். திட்டுகிற டாக்டராக இருந்தால் வேறு டாக்டரைப் பாருங்கள். பார்க்காமல் மட்டும் இருக்காதீர்கள்.

மூன்று வருடத்துக்கு முன் இரைப்பை பைபாஸ். நன்றாகத்தானே இருக்கிறோம் என்று சத்து மாத்திரைகளை நிறுத்திவிட்டேன். இப்போது பாதம் மரத்துப்போகிறது, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது.
– வாசகர், 51 வயது, சேலம்

இந்த வாரமே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். மரத்துப்போவதற்கு பி12 குறைவும், மூச்சு வாங்குவதற்கு இரும்புச்சத்துக் குறைவும் காரணமாக இருக்கலாம். மூச்சுத் திணறலுக்கு இதயத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. பைபாஸுக்குப் பின் சாப்பாடு இரைப்பையின் பெரும்பகுதியையும் சிறுகுடலின் தொடக்கத்தையும் தொடாமலே போகிறது. இரும்பும் கால்சியமும் நன்றாக உறிஞ்சப்படுவது அந்த இடத்தில்தான். கல்லீரலில் பி12 இருப்பு இருப்பதால் குறை உடனே தெரியாது. தெரியும்போது நரம்பு பாதிக்கப்பட்டிருக்கும். தாமதித்தால் அது முழுதாகத் திரும்பாமலும் போகலாம்.

மாத்திரைகள் ஆயுள் முழுக்க. கால்சியத்தில் 'சிட்ரேட்' வகை கேளுங்கள். கார்பனேட் வகைக்கு அமிலம் வேண்டும், ஆபரேஷனில் சிறிதாக்கிய உங்கள் இரைப்பையில் அது குறைவு. இரும்புக்கும் கால்சியத்துக்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். இரும்பு மாத்திரையை டீயோடு விழுங்காதீர்கள்.

இன்னொன்று, இதைப் படிக்கும் எல்லோருக்கும்: நாள்கணக்கில் வாந்தி நிற்காமல் பக்கத்து கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றப் போனால், இந்த ஆபரேஷன் ஆனதைச் சொல்லி, முதலில் பி1 (தயமின்) ஊசி போடச் சொல்லுங்கள். பி1 குறைந்திருக்கும் உடம்பில் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். தடுமாற்றம், பார்வை இரட்டையாகத் தெரிவது, குழப்பம் வந்தால் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு.

பாயசம் சாப்பிட்டால் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு. சர்க்கரை நோயா?

பெரும்பாலும் டம்பிங். சர்க்கரை குடலுக்குள் மொத்தமாகப் பாய்வதால் அரை மணிக்குள் இப்படி வரும். ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து வந்தால் ரத்தச் சர்க்கரை தாழ்ந்திருக்கலாம்; அப்போதே குளுக்கோமீட்டரில் பார்த்துக் குறித்து வையுங்கள்.

மகளுக்கு ஆபரேஷன் ஆகி எட்டு மாதம். திருமணமாகி நான்கு வருடம், குழந்தை இல்லை. இப்போது முயற்சி செய்யலாமா?
– ஒரு தாய், விருதுநகர்

இன்னும் கொஞ்சம் பொறுங்கள். ஆபரேஷனிலிருந்து 12 முதல் 18 மாதம் கழித்துத்தான் நல்லது. எடை குறைந்ததும் நின்றிருந்த மாதவிடாய் சீராகி, எதிர்பாராமல் கரு நிற்பதுண்டு. பைபாஸ் என்றால் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்ப வேண்டாம். கர்ப்பத்தின்போது குளுக்கோஸ் குடிக்கவைத்துச் செய்யும் பரிசோதனை டம்பிங்கைக் கிளப்பும். அதற்குப் பதில் ஒரு வாரம் வீட்டிலேயே சர்க்கரை அளவு பார்க்கலாம்.

பைபாஸ் ஆன என் கணவர் முன்பு எப்போதாவது குடிப்பார். இப்போது தினமும். இரண்டாவது பெக்கிலேயே நிதானம் போய்விடுகிறது. யாரிடமும் பேசுவதில்லை.
– வாசகி, கோவை

உங்கள் கடிதம்தான் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது. பைபாஸுக்குப் பின் மது ரத்தத்தில் வேகமாகவும் அதிகமாகவும் ஏறும். குடிப்பழக்கம் தீவிரமாவது முதல் வருடத்தில் அல்ல, பெரும்பாலும் இரண்டாம் வருடத்திலிருந்து. சாப்பாடு ஆறுதலாக இருந்தவர்களுக்கு அந்த ஆறுதல் போனதும் ஒரு வெறுமை வரும். தற்கொலை எண்ணமும் இவர்களிடையே கூடுதல். 'வாழப் பிடிக்கவில்லையா' என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். இரவோ பகலோ 14416-இல் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் ஆலோசகர்கள் இருக்கிறார்கள், இலவசம். தலைவலிக்கு என்று டைக்லோஃபெனாக், ஐபுபுரோஃபென் அவர் கைக்கு எட்டாமலும் பாருங்கள். இரைப்பையைக் குடலோடு இணைத்த இடத்தில் அவை புண்ணாக்கும். இன்றிரவே பேசுங்கள், அவர் குடிக்க உட்காரும் முன்.